பெலிசாரியஸ் பிச்சை எடுத்தாரா? இல்லப்பா
பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) தளபதி பெலிசாரியஸோட கண்ண பேரரசர் ஜஸ்டினியன் பிடுங்கிட்டாரு, மனுஷன் கடைசில தெருவுல பிச்சை எடுத்தே செத்தாருன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது பொய்ங்க. 562-ல சதி கேஸ்ல பேரு அடிபட்டு வீட்டுக்காவல்ல இருந்தது நிஜம்தான், ஆனா 563-லயே பதவி மரியாதை எல்லாம் திரும்ப கிடைச்சிருச்சு, 565-ல தான் இறந்தாரு, ஜஸ்டினியனும் அதே வருஷம்தான். குருட்டுக் கதை பல நூற்றாண்டு கழிச்சு எழுதுனது. ஃபார்வர்ட் கூட வர்ற படம் 1781-ல பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைஞ்சது, பெலிசாரியஸ் ஹெல்மெட்ல காசு வாங்குற மாதிரி, பின்னாடி ஒரு சிப்பாய் அவர அடையாளம் கண்டு கைய தூக்கி பதறுவான், பார்த்தா நமக்கே தொண்டை அடைக்கும், அதான் இவ்ளோ பேரு நம்பிட்டாங்க. 534-க்குள்ள வட ஆப்பிரிக்காவுல வாண்டல்ங்கிற ஜெர்மானிய இனத்தோட ராஜ்யத்தையே முடிச்சுவிட்டவரு, அதப்பத்தி ஃபார்வர்ட்ல ஒரு வரி இல்ல பாருங்க.