எந்த வீட்டுக்குள்ளேயும் கூப்பிடலையா அக்கா?

அந்தக் கேலியை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக ஆளாளுக்கு எனக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறீர்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபார் போய் வந்து நான் போட்ட கதவுப் படங்களில் ஒன்பதை எடுத்துக் கட்டம் கட்டி, மேலே "எந்த வீட்டுக்குள்ளேயும் கூப்பிடலையா அக்கா?" என்று எழுதியிருந்தார் அந்த நண்பர். பயணம் பற்றி நிறைய எழுதுகிறவர். அவருடைய புத்தக வெளியீட்டுக்கு மதுரையிலிருந்து இரவு பஸ் ஏறிப் போய் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். பெயர் சொல்ல விரும்பவில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் சொல்ல வேண்டாம்.

சிரிப்புக்குறி போட்டவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். அதில் ஆறு பேர் என் சொந்தக்காரர்கள். போனால் போகிறது என்று விட்டுவிடத்தான் பார்த்தேன். முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். ஆமாம், கூப்பிட்டார்கள்.

சான்சிபாரின் பழைய நகரம் ஸ்டோன் டவுன். அங்கே ஹுருமுஸி தெருவை ஒட்டிய ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்த ஊரில் கதவைப் படம் எடுப்பது சுலபமில்லை. பின்னால் நகர இடம் கிடையாது. வைட் ஆங்கிள் வைத்தால் நிலைக்கால் இரண்டும் வளைந்துவிடும். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி, போனைத் தலைகீழாகப் பிடித்து, வெயில் சந்துக்குள் இறங்கும் நேரத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கல் இருக்கை ஒன்று உண்டு. அவர்கள் அதை பராசா என்கிறார்கள். நம்மூர்த் திண்ணைதான், வேறொன்றும் இல்லை. அதில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இவ்வளவு நேரமாக என்ன பார்க்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் அப்பா தச்சு வேலை பார்த்தவர் என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து நிலையின் வலது கீழ்மூலையில் வைத்தார். அந்த இடத்தைக் கரையான் அரித்திருக்கிறது. அரித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு மரத்துண்டைப் பொருத்தியிருக்கிறார்கள். பழைய தாமரைக்கு எட்டு இதழ். புதுத் துண்டில் இருக்கும் தாமரைக்கு ஏழுதான். விரலால் தடவினால் பழைய இதழ் வழுவழுவென்று இருக்கிறது, புது இதழில் உளி போன தடம் இன்னும் நெருடுகிறது. நான் படம் எடுத்தது அந்த மூலையைத்தான். கேலிக்கு எடுத்த ஒன்பதில் அதுவும் ஒன்று. மூன்றாவது வரிசையில், நடுவில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் "கரிபு" என்றது. வாங்க என்று அர்த்தம். அந்த ஊரில் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "கரிபு" என்று பதில் வந்த பிறகுதான் படி தாண்டலாம். பெரியவர் என்னை ஹோடி சொல்ல வைத்து, சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. போனேன். சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை போடாத காபி கொடுத்தார்கள். அரை மணி நேரம் இருந்தேன். உள்ளே ஒரு படம்கூட எடுக்கவில்லை. அது அவர்கள் வீடு.

உள்ளேயிருந்து அதே கதவைத் திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு பூ கிடையாது, கொடி கிடையாது. வெறும் பலகை, குறுக்குச் சட்டம், மடக்கி அடித்த ஆணி முனைகள், ஒரு தாழ்ப்பாள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதவின் வெளிப்பக்கம் வீட்டுக்காரர்களுக்காகச் செய்ததில்லை. கட்டில் அவர்களுக்கு, பீரோ அவர்களுக்கு, அடுப்படி அவர்களுக்கு. அந்தச் செதுக்கல் மட்டும் தெருவில் போகிற வருகிற நமக்கு. முகம் தெரியாத ஒருவன் நின்று பார்ப்பான் என்று நம்பி ஒரு ஆசாரி மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறான். நின்று பார்த்தால் அதில் என்ன கேலி? பார்க்காமல் போனால்தான் அவன் உழைப்புக்கு அவமானம்.

அதே ஊரில் பாடகர் ஃப்ரெடி மெர்குரி பெயரில் இருக்கும் மியூசியத்தின் வாசலில் ஆள் மாற்றி ஆள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. பாடகர் பெயர் தெரியும், அதனால் அது பயணம். ஆசாரி பெயர் தெரியாது, அதனால் இது கேலிக்கூத்தா?

"பணத்தைக் கொட்டி ஆப்பிரிக்கா போய்க் கதவைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பணம். இருபத்தாறு வருட வேலையில் சேர்த்தது. தங்கை வீட்டுக்காரருக்கு தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை, அவர்கள் வீட்டில் தங்கி, அங்கிருந்து படகில் போனேன். இதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

"நம்மூர் செட்டிநாட்டுக் கதவு கண்ணில் படவில்லையா?" என்று கேட்கிறவர்களுக்கு: என் பக்கத்தில் கீழே போய்ப் பாருங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று வரிசையாகப் போட்டிருக்கிறேன். அப்போது நீங்கள் யாரும் வரவில்லை. நம்மூர்க் கதவைப் பார்த்த கண் இருந்ததால்தான் அங்கே போய் நின்றபோது எனக்குப் புரிந்தது. ஸ்டோன் டவுனில் கதவின் நிலையை முதலில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் சுற்றிச் சுவர் எழுப்புவார்களாம். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள். வழிகாட்டி இதைச் சொன்னபோது கூட இருந்தவர்கள் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிலை வைக்க நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, படிக்கு அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துவோமே, அதே மரியாதை. அப்பா நிலை நிறுத்தும் நாளில் தூக்குக்குண்டு அசையாமல் நிற்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்.

அங்கே பழைய கதவுகளுக்கு மேல்கட்டை நேராக இருக்கும். பின்னால் வந்தவற்றில் இந்தியப் பாணியில் வளைவு வந்துவிட்டது. குஜராத்திலிருந்து போன வியாபாரிகளின் கடைக்கதவுகள் சின்னச் சின்னக் கட்டமாக மடங்கும். பெரிய கதவுகளில் கூர்மையான பித்தளைக் குமிழ்கள் வரிசையாக அடித்திருக்கும். நம் நாட்டுக் கோட்டைக் கதவுகளில் யானை முட்டாமலிருக்க வைத்த முள்ளின் வழி வந்தது அது என்கிறார்கள். முட்ட வர அந்தத் தீவில் யானையே இல்லை. கடல் தாண்டிப் போன பிறகு அது வெறும் அழகாகிவிட்டது. இதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருந்தேன். கட்டம் கட்டியவர் எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒரு தம்பி மட்டும் மரியாதையாகக் கேட்டிருந்தார்: "மற்றவர்கள் குடியிருக்கும் வீட்டை அவர்கள் அனுமதியில்லாமல் எடுக்கலாமா அக்கா?" நியாயமான கேள்வி. பாரிஸில் ரூ கிரேமியூ என்று ஒரு சின்னத் தெரு, வீட்டுக்கு ஒரு வண்ணம். கூட்டம் தாங்காமல், சாயங்காலமும் வார இறுதியிலும் தெருவுக்குக் கேட் போட்டு மூட வேண்டும் என்று குடியிருப்பவர்கள் 2019இல் மாநகராட்சியைக் கேட்டார்கள். லண்டன் நாட்டிங் ஹில்லில் படம் எடுக்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் சிலர் தங்கள் வண்ண வீட்டுக்குக் கறுப்பு அடித்துவிட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நான். படியில் ஏறி உட்கார்ந்து துணி மாற்றி மாற்றிப் படம் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கதவு திறந்திருந்தால் நான் எடுப்பதில்லை. வாசலில் ஆள் இருந்தால் கேட்காமல் எடுப்பதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, கும்பிட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். வீட்டு எண் தெரிகிற படத்தைப் போடுவதில்லை. இது போதாது என்று நினைத்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

"அடிமை வியாபாரம் நடந்த ஊரில் கதவின் அழகைப் பேசுகிறாள்" என்றும் வந்தது. திப்பு திப் வீட்டுக் கதவைப் போட்டபோது அவர் அடிமை வியாபாரி என்பதைத்தான் முதல் வரியாக எழுதினேன். 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது. அங்கே போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் நான் ஒரு படமும் எடுக்கவில்லை. சில நிலைகளைச் சுற்றிச் சங்கிலி செதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குக் காவல் என்று சிலர் சொல்கிறார்கள், அடிமைகளை நினைவுபடுத்துவது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நிற்காமல் இதை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

சரி, எனக்கு மிகவும் வலித்தது இதெல்லாம் இல்லை. "மனுஷங்களே இல்லாத படம்" என்று என் சித்தப்பா மகன் எழுதிய ஒரு வரி.

உனக்குத் தெரியாதா தம்பி?

எங்கள் வீட்டு வாசலுக்கு அப்பா தானே ஒரு நிலையும் கதவும் செய்து வைத்தார். ஊராருக்குச் செய்து மிஞ்சிய தேக்குத் துண்டுகளைப் பல வருடம் பரண்மேல் சேர்த்துவைத்துச் செய்தது. மேல்கட்டையில் இரண்டு கிளிகள் எதிரெதிரே, நடுவில் ஒரு மாங்காய்க் கொத்து. கிளியின் கண்ணுக்கு மட்டும் பித்தளை ஆணி அடித்து அரத்தால் தேய்த்துவிட்டிருந்தார். காலை வெயிலில் அந்தக் கண் மினுங்கும். அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டார். கதவைப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் எடுத்துப்போனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். காரைக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை.

வீட்டில் படங்கள் இல்லாமல் இல்லை. என் சடங்கு, அண்ணன் கல்யாணம், தாத்தா சதாபிஷேகம், எல்லாவற்றுக்கும் போட்டோ உண்டு. எல்லாரையும் வாசலில் நிறுத்தித்தான் எடுப்பார்கள், வெளிச்சம் அங்கேதான். எல்லாப் படத்திலும் ஆட்கள் வரிசையாக நின்று கதவை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் கல்யாணப் படம் ஒன்றில் மட்டும் பெரிய மாமாவின் தோளுக்கு மேலே ஒரு கிளியின் வால் தெரிகிறது. இரண்டு விரல்கடை இருக்கும். அதைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகக் கலங்கிப்போகிறது. அப்பா அந்த வரிசையிலேயே இல்லை, பந்திக்குப் பலகை சரிபண்ணப் போயிருந்தார்.

ஆள் நகரட்டும் என்று காத்திருந்து நான் கதவை எடுப்பது இதனால்தான். ஸ்டோன் டவுனை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த ஊரின் பெருமையான 'அதிசய மாளிகை' 1883இல் கட்டியது. அதன் ஒரு பாகம் 2020 டிசம்பர் 25 அன்று பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கே அந்த கதி என்றால், சந்துக்குள் இருக்கும் ஏழிதழ்த் தாமரைக்கு யார் பொறுப்பு?

இதற்கு மேல் அந்த நண்பருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மீதிப் படங்களை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா கல்லல், தேவகோட்டை சுற்று வட்டாரத்தில் 1970களிலும் 80களிலும் நிறைய வீடுகளுக்கு வாசல்கதவு செய்திருக்கிறார். எத்தனை, எந்தெந்த வீடு என்று எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ மேல்கட்டையில் எதிரெதிரே இரண்டு கிளி, நடுவில் மாங்காய் இருந்தால், கிளியின் கண்ணைப் பாருங்கள். பித்தளை ஆணியாக இருந்தால் தயவுசெய்து ஒரு படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். யாரும் முன்னால் நிற்க வேண்டாம்.