உக்கிராணக்காரர் செய்கிற வேலை

நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த விரலைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறையேறிக் கறுத்து, வெடித்து, ரேகையே வழவழவென்று தேய்ந்திருக்கும். கோத்தகிரி, குன்னூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த அம்மாக்கள் பி.எஃப். பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். ரேகை மெஷினோ அந்த விரலை ஏற்றுக்கொள்ள மறுக்கும். குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1000 ரூபாய்தான். அதற்காகப் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சபையில் நம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். செல்போனில் எதையும் செய்து முடிக்கிற பிள்ளைகளும் அதே கோயிலில், இரண்டு பெஞ்சு தள்ளி இருக்கிறார்கள்.

அந்த இரண்டு பெஞ்சு தூரத்தைத்தான் நாம் கடக்காமல் இருக்கிறோம்.

தாலந்து என்றதும் நமக்குப் பாட்டும் கீபோர்டும் பிரசங்கமும்தான் ஞாபகம் வருகிறது. வேதத்தில் அது பணத்தின் அளவு: ஏறக்குறைய 6000 நாள் கூலி. அப்படியானால் இயேசு சொன்ன உவமையில் எஜமானிடம் ஒரே ஒரு தாலந்து வாங்கியவன் கையிலும் சுமார் இருபது வருஷச் சம்பாத்தியம் இருந்தது. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று பின்பெஞ்சில் ஒதுங்குகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரத்துக்குப் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்த பெசலெயேலைத்தான் தேவ ஆவியால் நிரப்பினதாக யாத்திராகமம் 31 சொல்கிறது. கைவேலையும் வரம்தான்.

1 பேதுரு 4:10-ல் வரும் ‘உக்கிராணக்காரர்’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் அவருடையது அல்ல. எந்தப் பந்திக்கு எது எப்போது போக வேண்டும் என்று பார்த்து அளந்து கொடுப்பதுதான் அவர் வேலை. பூட்டியே வைத்திருந்தால் பந்தி பசியோடு எழுந்துவிடும்.

சரி, சபையில் யாருக்கு என்ன வரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘உங்கள் வரம் என்ன’ என்று பேப்பர் கொடுத்தால் கூச்சப்படுகிறவர்கள் எழுத மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: ‘விண்ணப்ப ஃபாரம் நிரப்ப யார் வீட்டுக்குப் போவீர்கள்? குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ இரண்டு மூன்று வாயிலிருந்து ஒரே பெயர் வந்தால் அதுதான் வரம். பிறகு பொதுவாக ‘ஊழியத்துக்கு வாங்க’ என்று அழைக்காமல், மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், மூன்று மாதத்துக்கு என்று வரையறுத்துக் கேளுங்கள். எல்லையில்லாமல் கேட்பதால்தான் நல்லவர்கள் ஒரே வருஷத்தில் களைத்து ஒதுங்குகிறார்கள்.

ரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று கொடுக்க ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும். ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமான்’ இரண்டு செயலிகளையும் முந்தின நாளே ஏற்றிவைத்து, உதவி செய்கிறவர் தம் முகத்தை முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பென்ஷன்காரர் ஆதார், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவு எண்), பேங்க் பாஸ்புக், ஓ.டி.பி. வருகிற போன் நான்கையும் கொண்டுவரட்டும். பல நேரம் அந்த நம்பர் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கிற மகனிடம் இருக்கும். அவரை முன்கூட்டியே போனில் பிடித்து வைக்காவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் இருட்டாகி, செயலி எடுக்காது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். முக்காட்டையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, நிதானமாகக் கண் சிமிட்டச் சொல்லுங்கள். மூடுபனியில் காலை ஏழு மணிக்கு முயலாதீர்கள். ஆராதனை முடிந்து பதினொரு மணி வெளிச்சம் நல்லது. விதவைப் பென்ஷன் என்றால் மறுமணம் பற்றிய கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே பதிலைத் தொடுங்கள். அவசரத்தில் மாற்றித் தொட்டால் பென்ஷனுக்கே சிக்கல். முடிந்ததும் வருகிற சான்று எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பி.எஃப். பென்ஷனுக்குச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். அடுத்த வருஷம் நாமே ஞாபகப்படுத்தலாம். ஆதாரைப் படம் எடுத்திருந்தால் அவர் கண்ணெதிரிலேயே அழியுங்கள்.

எப்போதும் இருவராக உட்காருங்கள். பண விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமிருக்காது, ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது. உதவி வாங்குகிறவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நாம் சந்தோஷத்தில் போடுகிறோம். அவருக்கு அது தலைகுனிவு. மறுமுறை வரமாட்டார். பக்கத்து லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், கலாத்தியர் 6:10 ‘யாவருக்கும்’ நன்மை செய்யத்தான் சொல்கிறது.

வெல்டிங் தெரிந்த ஒரு அண்ணன் சபையில் இருந்தால் அவருக்கும் வேலை இருக்கிறது. லைன் வீடுகளுக்கு இறங்குகிற படிகளில் வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுக்கலாம்: ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், படியிலிருந்து மூன்றடி உயரம், தூணுக்கு ஒன்றரை அடிக் குழியில் கான்கிரீட். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம் யாரும் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலுக்குள் ஊன்றிவிடுங்கள், ஜூன் மழை பிடித்தால் அந்தப் படியில் பாசி ஏறிவிடும்.