கியர்பாக்ஸ் ஆயில் மட்டம்: ஒரு சின்னத் திருத்தம்
கூலிங் டவர் ஃபேன் கியர்பாக்ஸில் ஆயிலை மட்டக் கோட்டுக்கு மேலே நிரப்பி வைத்தால் பேரிங் காயாது, அதுதான் பாதுகாப்பு என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் சரியல்ல.

அளவு மீறினால் பற்சக்கரம் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும். நுரை கட்டும், சூடு ஏறும். சூடான ஆயில் நீர்த்துப்போவதால் பற்களுக்கு நடுவே நிற்க வேண்டிய படலமும் மெலியும். அப்புறம் பிரீதர் (கியர்பாக்ஸின் காற்றுத் துளை) வழியாகவோ சீல் வழியாகவோ வெளியே வரும். அந்தக் கசிவைப் பார்த்து மறுபடியும் ஊற்றுகிறவர்களும் உண்டு!

நீங்களே சரிபார்க்கலாம். ஃபேனை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, ஆயில் முழுதும் கீழே இறங்கிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். ஓடும்போது தெரியும் மட்டத்தை நம்ப வேண்டாம். டவருக்கு வெளியே குழாய் இழுத்து வைத்த, ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடி என்றால் ஒரு வேலை கூடுதல்: அதன் கோடும் கியர்பாக்ஸின் கோடும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றனவா என்று ரசமட்டக் குழாய் வைத்துப் பாருங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தில், வடித்த ஆயிலை அளந்து தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள கொள்ளளவோடு ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும்.