நெஃபர்ஹோட்டெப்பைக் கொன்ற ‘எதிரி’ யார்?

பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட கொலைமர்ம நாவல்கள் கைக்குக் கிடைத்தால் விடாமல் வாசிப்பவன் நான். அவற்றில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. அரண்மனையிலோ கோயிலிலோ ஒரு கொலை விழுகிறது. துப்பறிய வருபவரோ தெய்வங்களை நம்பாதவர். அருள்வாக்கைக் கேட்டுச் சிரிப்பவர். பிணத்தின் விறைப்பைத் தொட்டுப் பார்த்தே இறந்த நேரத்தைச் சொல்லிவிடுபவர். உடுத்தியிருப்பது லினன் ஆடை என்றாலும் ஆள் நம் காலத்து இன்ஸ்பெக்டர்தான். அப்படியானால் கதை எகிப்தில் நடக்க வேண்டிய தேவை என்ன?

இவ்வளவுக்கும், கற்பனையே வேண்டாத அளவுக்கு நல்ல கதைகளை எகிப்தியர்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ‘சால்ட் 124’ என்ற பெயரில் ஒரு பப்பைரஸ் ஆவணம் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1200-ஐ ஒட்டிய காலம். இடம், அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த தேர் எல்-மதீனா. அமென்நாக்ட் என்பவர், பானெப் என்ற தலைமைத் தொழிலாளி மீது தலைமை அமைச்சருக்கு எழுதிய புகார் அது. அமென்நாக்டின் அண்ணனோ தம்பியோ ஆன நெஃபர்ஹோட்டெப்தான் முன்பு அந்தப் பதவியில் இருந்தவர். பானெப்பை வளர்த்து ஆளாக்கியவரும் அவரே. ஒருநாள் பானெப் அவரைத் துரத்துகிறான். அவர் வீட்டுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்கிறார். இவன் கல்லை எடுத்துக் கதவை உடைக்கிறான். “இரவில் அவனைக் கொன்றுவிடுவேன்” என்று இவன் சொன்னதால் அவருக்கு ஆள்காவல் போட வேண்டியதாயிற்று என்றும் புகார் சொல்கிறது.

அதே ஆவணத்தில் இன்னொரு வரி: “எதிரி நெஃபர்ஹோட்டெப்பைக் கொன்றுவிட்டான்.” அவ்வளவுதான். அந்த எதிரி யார் என்ற விளக்கம் இல்லை. அது அக்காலத்து உள்நாட்டுக் குழப்பத்தைக் குறிப்பதாகக் கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அடுத்து வரும் செய்தியைப் பாருங்கள்: என் தந்தையின் ஐந்து பணியாட்களை அப்போதைய தலைமை அமைச்சருக்குக் கொடுத்து, எனக்கு வர வேண்டிய பதவியைப் பானெப் வாங்கிக்கொண்டான் என்கிறார் அமென்நாக்ட். எழுதுபவரும் பதவியைக் குறிவைத்தவர் என்பதால் அவர் சொல்லை அப்படியே நம்பவும் முடியாது. (அரசகுலப் பெண் ஒருத்தியின் கல்லறையிலிருந்து பானெப் ஒரு வாத்தைத் திருடினான், தன்னிடம் இல்லை என்று சத்தியமும் செய்தான், பிறகு அது அவன் வீட்டிலேயே அகப்பட்டது என்பதும் குற்றப்பட்டியலில் இருக்கிறது. எந்த நாவலாசிரியருக்கு இது தோன்றும்?)

இப்படியொரு வழக்கை அந்த ஊரில் எப்படி விசாரிப்பார்கள் என்பதில்தான் உண்மையான சுவை இருக்கிறது. ஊராரே உட்காரும் மன்றம் ஒன்று உண்டு. சத்தியம் வாங்குவார்கள், கம்பால் அடிப்பார்கள், அதற்கும் மசியாவிட்டால் தெய்வத்திடம் போவார்கள். தீபஸ் பகுதியில் ஐந்து ஆடைகள் களவுபோன வழக்கொன்றில், ஊரார் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, தோளில் சுமந்துவரப்பட்ட ஆமோன் என்ற தெய்வத்தின் சிலை ஒருவன் பெயருக்குத் தலையசைத்தது. அவன் மறுத்துவிட்டு வேறொரு கோயிலின் ஆமோனிடம் முறையிட, அவரும் அவனையே காட்டினார். தேர் எல்-மதீனாவில் தெய்வமாக வழிபடப்பட்ட பழைய அரசர் முதலாம் அமென்ஹோட்டெப்பின் சிலையைச் சுமந்தவர்களோ அதே ஊர்த் தொழிலாளர்கள். தெய்வத்தை முழுமனதாக நம்புகிற ஓர் எழுத்தர், சிலை அசைந்ததையும் கண்ணாரக் கண்டுவிட்டு, முன்வரிசையில் தோள் கொடுத்தவன் யாருக்குக் கடன்பட்டவன் என்று இரவெல்லாம் யோசித்துத் தவிப்பதாக எழுதினால், அந்த எழுத்தர்தான் எகிப்தியத் துப்பறிவாளர். தெய்வமே கேலிக்குரியது என்று தொடங்கும் நாவலில் அந்தத் தவிப்புக்கே இடமில்லை.

1944-இல் வெளியான அகதா கிறிஸ்டியின் எகிப்திய நாவல் ‘டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்’ இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம், அவர் அரண்மனைப் பக்கம் போகாததுதான். ஹெகாநக்ட் என்ற பண்டைய எகிப்தியர் தன் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை அடித்தளமாக வைத்துக்கொண்டு, தானியக் கணக்கும் புது மனைவியைப் பற்றிய புகைச்சலும் நிறைந்த ஒரு குடும்பத்தை எழுதினார். எகிப்திய அரசர் மூன்றாம் ராம்சேஸைக் கொல்ல நடந்த அந்தப்புரச் சதியையும், 2012-இல் வெளியான சி.டி. ஸ்கேன் முடிவில் அவர் கழுத்து ஆழமாக அறுபட்டிருந்தது தெரியவந்ததையும் வைத்து எழுத ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

எனக்கு வேண்டியது பானெப்பின் ஊர். மறுநாள் காலையில் அந்த உடைந்த கதவைச் செப்பனிட வரும் தச்சனிடமிருந்து தொடங்கும் ஒரு நாவலை யாராவது எழுதினால், விலை பாராமல் வாங்குவேன்.