வெயிலுக்காக நேரத்தை மாற்றுங்கள், கூட்டத்தை நிறுத்த வேண்டாம்

சாரணர் கூட்டங்களைக் கோடை விடுமுறையில் நிறுத்திவிட்டு ஜூனில் தொடங்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வெயில் தெரிந்துதான் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலில் அணிவகுப்பு வேண்டவே வேண்டாம். காலை ஏழு மணிக்குக் கூடி எட்டரைக்குக் கலைந்தால் போதுமே. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமே ஆகஸ்டில்தான், அங்கே அது கோடைக்காலம்.

இரண்டு மாதம் விட்டால் கை மறந்துவிடும். இரண்டு கயிற்று நுனிகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சில் இடது நுனியை வலதின் மேல் போட்டுவிட்டு, அடுத்து வலதை இடதின் மேல் போட வேண்டும். என் மகள் இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டாள். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அதைவிட முக்கியம், விடுமுறையில்தான் பிள்ளைகள் புழை, குளம் என்று இறங்குகிறார்கள். ஒருவன் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காமல், கரையில் படுத்துக்கொண்டு கயிறோ வேட்டியோ வீசி இழுக்க வேண்டும். இதை ஏப்ரலில் பழக்காமல் வேறு எப்போது பழக்குவது? சாரணர் ஆசிரியர் ஊருக்குப் போயிருந்தால் பெற்றோரில் இரண்டு பேர் முறைவைத்து உடன் நிற்கலாம். நான் தயார்.