எத்தனை வாங்கினோம் என்பதல்ல, எத்தனை பறக்கின்றன?

பட்டர்வொர்த் விமானத்தளத்துக்கு அருகே, தெலுக் ஆயர் தாவார் பக்கம் வளர்ந்தவன் நான். ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானங்கள் அங்கிருந்து பறந்துகொண்டிருந்த காலத்தில் என் அப்பா தளத்தின் ஸ்டோரில் கிராணியாக வேலை பார்த்தார். 1988-இல் தளம் மலேசியாவின் பொறுப்புக்கு வந்த பிறகும் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார். புதிய விமானம் தரையிறங்கும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். ஸ்டோர் ஆட்களோ அதன் பின்னால் எத்தனை பெட்டி உதிரிப்பாகம் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் சொல்லுவார். ராணுவத் தளவாடக் கொள்முதலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ரஃபேல் சிறந்ததா, சூப்பர் ஹோர்னெட் சிறந்ததா என்று நண்பர்கள் மணிக்கணக்காக வாதிடுகிறார்கள். வாங்கி பத்தாண்டு கழித்து அந்த விமானம் காலையில் கிளம்புமா என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

2018-ஆம் ஆண்டு அந்தக் கேள்விக்கு நாடாளுமன்றத்தில் ஒருமுறை பதில் கிடைத்தது. அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு, நம்மிடம் இருந்த ரஷ்யத் தயாரிப்பான 18 சுகோய் போர் விமானங்களில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாகவும், மிக்-29 விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கவில்லை என்றும் அவையில் தெரிவித்தார். அன்று நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தேன். ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நெடுநேரம் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். ஏறத்தாழ 90 கோடி அமெரிக்க டாலருக்கு 2003-இல் ஒப்பந்தம் போட்டு, 2007 முதல் 2009 வரை வந்து சேர்ந்த விமானங்கள் அவை. பத்தாண்டுக்குள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கொட்டகையில் நின்றன என்றால், அதற்கு ரஷ்யாவை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

இயந்திரப் பராமரிப்பு என் தொழில் என்பதால் இந்த நோயின் அறிகுறிகள் எனக்குப் பழக்கமானவை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தொழிற்சாலையில் ஒரே வகையில் மூன்று இயந்திரங்களை ஓர் ஏஜென்ட் மூலம் வாங்கினார்கள். விலை மற்றவர்கள் சொன்னதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இரண்டாம் ஆண்டில் ஒரு மின்பலகை பழுதானபோது அந்த ஏஜென்ட் கடையை மூடிவிட்டிருந்தார். தயாரித்த நிறுவனமோ, அந்த மாதிரியை நிறுத்திவிட்டதாகச் சொன்னது. எட்டு மாதம் காத்திருந்த பிறகு மூன்றாவது இயந்திரத்தைப் பிரித்து அதன் பாகங்களை மற்ற இரண்டுக்கும் மாட்டினோம். அப்படி ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓட்டும் நாளிலேயே கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண்ணிக்கை பொய்யாகிவிடுகிறது. தொழிற்சாலையில் இதனால் நேர்ந்தது பண நட்டம் மட்டுமே. போர் விமானத்தில் இதே நிலை வந்தால் விமானியின் உயிர் ஆபத்தில் நிற்கிறது.

நம் ஆகாயப்படையின் அடிப்படைச் சிக்கல் வகைகளின் பெருக்கம் என்று நான் கருதுகிறேன். 1990-களின் இறுதியில் இந்தச் சிறிய படையிடம் ரஷ்யாவின் மிக்-29, அமெரிக்காவின் ஹோர்னெட், பிரிட்டனின் ஹாக், பழைய அமெரிக்க எஃப்-5, இத்தாலியப் பயிற்சி விமானங்கள் என எல்லாம் இருந்தன. அவற்றின் மேல் சுகோய் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கருவிகள், தனிக் கையேடுகள், தனிப் பயிற்சி, தனி ஸ்டோர் வேண்டும். ஹோர்னெட் வாங்கியது எட்டே எட்டு. அவற்றுள் ஒன்று 2025 ஆகஸ்டில் குவாந்தானில் புறப்படும்போது தீப்பற்றியது. இரு விமானிகளும் உயிர் தப்பியது பெரும் ஆறுதல். ஆனால் எட்டில் ஒன்று போனால் ஹோர்னெட் பலத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். எட்டு விமானங்களுக்காக ஒரு முழுப் பராமரிப்பு அமைப்பையே தாங்கி நிற்பது எந்தக் கணக்குக்கும் ஒத்துவராது.

சுகோயின் உள்ளே பார்த்தால் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாகத் தெரியும். உடலும் எஞ்சினும் ரஷ்யாவுடையவை. விமானியின் முன்னால் இருக்கும் காட்சிக் கருவிகள் பிரான்சுடையவை. எச்சரிக்கைக் கருவிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவை. சில பாகங்கள் இந்தியாவில் செய்யப்பட்டவை. ஒவ்வொரு நாட்டின் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தோம் என்று அன்று பெருமையாகச் சொல்லப்பட்டது. பராமரிப்பவனின் கண்ணுக்கு அது நான்கு நாடுகளின் வாசலில் நின்று காத்திருக்கும் நிலை. 2022-க்குப் பிறகு ரஷ்யாவின் மீது விதிக்கப்பட்ட தடைகள் அந்த வாசல்களுள் முதன்மையானதையே குறுக்கிவிட்டன. அதே சுகோய் ஒப்பந்தத்தின் பகுதியாக 2007 அக்டோபரில் நம் நாட்டவர் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குச் சென்று வந்தார். அன்று என் பிள்ளைகளோடு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து நானும் கண்கலங்கினேன். அந்தப் பெருமையை இன்றும் மறுக்கமாட்டேன். ஆனாலும் அந்தச் சலுகையின் இடத்தில் பதினைந்து ஆண்டுக்கான உதிரிப்பாகங்களையும், பெரும் பழுதுகளை இங்கேயே சரிசெய்யும் தொழில்நுட்பத்தையும் கேட்டு வாங்கியிருந்தால் 2018-இல் அந்தப் பதிலைக் கேட்க நேர்ந்திருக்காது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சுகோய்களின் பெரும் பராமரிப்பைக் கிளந்தானின் கோங் கெடாக் தளத்திலேயே நம் பொறியாளர்கள் செய்யத் தொடங்கினார்கள். கைவசம் இருக்கும் திறமையை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் நம்மவர்களால் முடியும் என்பதை அது காட்டியது. இதைச் செய்தவர்களின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் பெரிய எழுத்தில் வரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கவச வாகனங்களின் கதையும் வேறல்ல. 2011-இல் ஒப்பந்தமான கெம்பித்தா எட்டுச் சக்கர வாகனங்கள் 257, வகைகள் 12, தொகை 755 கோடி வெள்ளி (ரிங்கிட்). வகுத்துப் பார்த்தால் ஒன்று ஏறத்தாழ 3 கோடி வெள்ளி. வடிவமைப்பு, ஆயுதம், பயிற்சி எல்லாம் அதற்குள் அடங்கும் என்பதால் அந்த வகுத்தலை மட்டும் பிடித்துக்கொண்டு விலை கொள்ளை என்று கூவுவது சரியன்று. பெக்கானில் தொழிற்சாலை வந்தது, வேலை வந்தது, பற்றவைப்பு முதல் சோதனை ஓட்டம் வரை நம் இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். அவை எல்லாம் மதிப்புள்ளவை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. உடலின் வடிவமைப்பு துருக்கியினுடையது, எஞ்சின் ஜெர்மனியுடையது, பல வாகனங்களின் பீரங்கிக் கோபுரம் தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்தினுடையது. அந்த டெனல் பின்னாளில் சம்பளம் கொடுக்கவே திணறும் அளவுக்குப் பணநெருக்கடியில் சிக்கியது. முப்பது ஆண்டு ஓட வேண்டிய வாகனத்துக்கு முப்பது ஆண்டு நிலைத்து நிற்கும் துணை வேண்டும் என்ற கவலை, பன்னிரண்டு வகைகளைப் பட்டியலிட்ட மேசையில் யாருக்காவது இருந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 2025-இல் வெளிவந்த தேசியக் கணக்காய்வு அறிக்கையோ, கெம்பித்தா தாமதத்துக்காக வசூலித்திருக்க வேண்டிய 16 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட அபராதம் வசூலிக்கப்படவில்லை என்று சுட்டியது. அபராதம் எழுத்தில் மட்டும் இருந்தால் அடுத்த ஒப்பந்தக்காரருக்கு அது என்ன பாடம் சொல்லும்?

இதற்கு மாறாகக் கொண்டோர் வாகனத்தை நினைத்துப் பாருங்கள். 1980-களில் ஜெர்மனியிடம் வாங்கிய, நான்கு சக்கரம் கொண்ட எளிய வாகனம் அது. 1993 அக்டோபரில் மொகாடிஷுவில் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்றவை நம் வீரர்கள் ஓட்டிய கொண்டோர்கள். அந்த இரவில் மாட் அஸ்னான் அவாங் என்ற நம் படைவீரர் உயிர் துறந்தார். அந்த வாகனத்தின் கவசம் மெல்லியது என்பது உண்மை; அது போதாது என்பதை அந்த இரவே காட்டியது. ஆயினும் நானூறுக்கும் மேற்பட்டவற்றை ஒரே வகையாக வாங்கியதால் மெக்கானிக்குகளுக்கு அதன் ஒவ்வொரு ஆணியும் தெரிந்திருந்தது. அதனால்தான் பல ஐநா பணிகளில் பல பத்தாண்டுகள் அது ஓடியது. காப்பும் வேண்டும், எளிமையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் புண்படுத்தியது கரையோரப் போர்க்கப்பல் விவகாரம். ஆறு கப்பல்கள், 900 கோடி வெள்ளி, முதல் கப்பல் 2019-இல் கிடைக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 608 கோடி வெள்ளி கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு கப்பலும் வந்திருக்கவில்லை. பின்னர் கப்பல்கள் ஐந்தாகக் குறைந்தன. செலவு 1,120 கோடி வெள்ளியாகக் கூடியது. இந்த எண்களை எல்லோரும் அறிவார்கள். அறிக்கையில் அதைவிடக் கனமான செய்தி ஒன்று உண்டு. கடற்படை விரும்பிய வடிவமைப்பு வேறு. அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. கடற்படைத் தளபதி மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியும் பயன் இல்லை. கடலுக்குள் போகப்போகிறவனின் சொல் ஏறாத இடத்தில் யாருடைய சொல் ஏறியது என்பதைக் கேட்காமல் விடுவது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகம்.

இடைத்தரகர்களைப் பற்றி நான் தனியே எழுத வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் ஜொகூரில் சிறப்புப் படையினரிடையே உரையாற்றிய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே தற்காப்பு அமைச்சில் நிறைந்துள்ள ஏஜென்ட்களையும் விற்பனையாளர்களையும் வெளிப்படையாகக் கண்டித்தார். பழைய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை எடுக்கும் திட்டத்தைச் சொல்லி, நம் விமானிகளைப் பறக்கும் சவப்பெட்டியில் ஏற்றப்போகிறோமா என்று கேட்டார். ஸ்கைஹாக் போர் விமானங்களை வாங்கிய பழைய தவற்றையும் நினைவூட்டினார். 1980-களில் 88 பழைய ஸ்கைஹாக்குகளை வாங்கி 40-ஐ மட்டும் புதுப்பித்துப் பறக்கவிட்டோம். அவை பல விபத்துகளைச் சந்தித்துப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற்றன. 2021 நவம்பரில் ஓர் இரவு பட்டர்வொர்த் தளத்தில் ஹாக் விமானம் விழுந்து ஒரு விமானி இறந்தபோது எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும், அந்த இரவின் கனத்தை உணர்ந்தவர்கள் கமிஷனைக் கணக்குப் போட மாட்டார்கள்.

எத்தனை விமானம் பறக்கிறது என்பதை வெளியில் சொன்னால் பாதுகாப்புக்கு ஆபத்து என்பார்கள். ஆயுத விவரம், ரேடாரின் எல்லை, பயிற்சி முறை ஆகியவற்றைக் காப்பது கடமை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வெளிநாட்டுச் செயற்கைக்கோள்கள் நம் தளங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2021 மே 31-ஆம் நாள் சீனாவின் 16 ராணுவ விமானங்கள் சரவாக்கின் கடலோரத்தை நெருங்கியபோது லாபுவானிலிருந்து நம் ஹாக் விமானங்களே எழும்பின. நம்மிடம் என்ன இருக்கிறது என்பதை அறியவேண்டியவர்கள் அன்றே அறிந்துகொண்டார்கள். வரி கட்டும் குடிமகன் மட்டும் அறியாமல் இருக்கிறான். 2018-இல் உண்மையைச் சொன்னதால் நாடு வீழ்ந்துவிடவில்லை. பராமரிப்பில் கவனம் திரும்பியதுதான் நடந்தது.

இப்போது தென்கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் 18 வருகின்றன. 2023-இல் ஏறத்தாழ 92 கோடி அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தமானது. வகைகளைக் குறைப்பது என்று ஆகாயப்படையே 2055 வரைக்கான தன் திட்டத்தில் எழுதி வைத்திருப்பதால், இந்தத் தேர்வை நான் வரவேற்கிறேன். இந்த முறை, பறக்கத் தயாராக இருக்கும் விமானங்களின் விழுக்காட்டோடு பராமரிப்புக் கட்டணத்தை இணைக்க வேண்டும். குறைந்தால் பணமும் குறைய வேண்டும், அபராதம் கட்டாயம் வசூலாக வேண்டும். பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் நாற்பது வயதில் தனியார் விமான நிறுவனங்களுக்குப் போய்விடாமல் இருக்கத் தக்க சம்பளமும் வேண்டும். அந்த விழுக்காடு ஆண்டுக்கு ஒருமுறை, வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து, மக்களவையில் ஒரே ஒரு எண்ணாக அறிவிக்கப்பட வேண்டும். இந்தக் கோரிக்கையை என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி, கையொப்பமிட்டு, நேற்று அவருடைய சேவை மையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுங்கள்; கடிதத்தின் நகல் வேண்டுவோர் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.