அந்தத் தோட்டங்களை யாரும் சும்மா கொடுக்கவில்லை

"நியூயார்க்கில் சமூகத் தோட்டங்களை மாநகராட்சியே மக்களுக்குக் கொடுத்துவிட்டது, தொண்டு நிறுவனங்கள் பெயர் மட்டும் வாங்கிக்கொண்டன" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அதற்கு நேர்மாறு.

1999-இல், ஜூலியானி மேயராக இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை மாநகராட்சி ஏலம் விடப் பார்த்தது. மன்ஹாட்டனில் பவரி, ஹூஸ்டன் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவர் நண்பர்களும் குப்பையை அள்ளி, மண் கொட்டி, பாத்தி கட்டினார்களே, அப்படிப் பேட்டைக்குப் பேட்டை ஜனங்கள் கையால் உருவாக்கிய இடங்கள் இவை. கடைசி நேரத்தில் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட், நியூயார்க் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. அப்புறம் முதல் அமைப்பு, தான் வாங்கியதில் பெரும்பாலானவற்றைத் தோட்டக்காரர்களே நடத்தும் நில அறக்கட்டளைகளுக்கு எழுதிக் கொடுத்தது.

தப்பாத தோட்டங்களும் உண்டு. எஸ்பெரான்சா தோட்டத்தை 2000 பிப்ரவரியில் புல்டோசர் வைத்து இடித்தார்கள், உள்ளே சங்கிலியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைக் கைது செய்துவிட்டு.

சரி, சமூகத் தோட்டங்களுக்கான மாநகராட்சியின் கிரீன்தம்ப் திட்டம் 1978 முதல் நிறைய உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது தருவது பயன்படுத்தும் அனுமதி. நிலத்தின் பத்திரம் யார் கையில் என்பது வேறு விஷயம், அதைத்தான் அந்த அமைப்புகள் பணம் போட்டு வாங்கின.